சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

ஆஸ்திரேலியாவின் தென் பகுதியில் மே மாதம் பிறந்து குளிர் காற்று வீசத் தொடங்கியதும் இரண்டு வகைப் பிராணிகள் இடம் பெயர்கின்றன. ஒன்று, தென் துருவத்தை அடுத்த சமுத்திரத்திலிருந்து கன்று ஈனுவதற்காகக் கரையோரம் வந்து சேரும் திமிங்கிலங்கள். மற்றொன்று, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிடும் வயதான தம்பதிகள். இவர்களுக்கு அந்த நாட்டார் "நரைத்த நாடோடிகள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் கொஞ்சம் பரிகாசம் உண்டு; கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அந்தத் தேசத்தின் கரையோரமாகவே சுற்றி வரும் நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. அதற்கு "முதல் நம்பர்" என்று பெயர். சுற்று முழுவதும் ஏறக்குறைய 14,500 கிலோ மீட்டர். நாடோடிகளில் துணிந்தவர்கள் முழுச் சுற்றும் சுற்றுவார்கள். மற்றவர்கள் குளிருக்குப் பயந்து, வடக்கே வெயில் உள்ள இடம் வரையில் போய்த் திரும்புவார்கள். நான் சொல்ல வந்த தம்பதிகள் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்கள். அடிலெய்டு நகரிலிருந்து மேற்கே புறப்பட்டு, நல்லார்போர் என்னும் வறண்ட சமவெளியைக் கடந்து, பெர்த் நகரம் போய்ச் சேருவது அவர்கள் உத்தேசம். தூரம் சுமார் 2,700 கிலோ மீட்டர். பெர்த்தில் அவர்களுடைய மகள் இருந்தாள். ஆகாய விமானத்தில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் அவள் வீட்டு ஊரில் இறங்கிவிடலாம். "விமானத்தில் போனால் வழி என்று ஒன்று எங்கே இருக்கிறது?" என்று பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அடிலெய்டில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. நடுவில் மார்பளவு உயரத்தில் ஒரு மர வேலி. அந்த வேலியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு மூன்று மாத காலம் நான் பார்த்ததும் கேட்டதுமே இந்தக் கட்டுரைக்கு மூலதனம். பெரியவர் ரயில்வே தொழிற்சாலையில் நாற்பது வருஷம் பிட்டராக வேலை பார்த்தவர், வயது எழுபத்தொன்று. அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், வயது அறுபத்தெட்டு. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் பெரியவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. டாக்டர்கள் பிழைக்க வைத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்தவர் செய்த முதல் காரியம், ரொட்டிக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய வானை விலைக்கு வாங்கியதுதான். வெயில் ஏறும் சமயங்களில் அந்த வண்டிக்குள் ரொட்டி வாசனை மெல்ல எழும்பும். எவ்வளவு கழுவியும் அது போகவில்லை. பிறகு அதைப் போக்க வேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது.

வண்டியைக் குடியிருக்கும் வீடாக மாற்றுவதென்றால் கட்டிலையும் அடுப்பையும் முதலில் வைத்துவிடலாம் என்று நம்மைப் போன்றவர்கள் நினைப்போம். காரியம் அப்படி இல்லை. முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டு, வெறும் இரும்புக் கூடாக்கிக்கொள்ள வேண்டும். துரு பிடித்த இடங்களைச் சுரண்டி வர்ணம் பூச வேண்டும். அப்புறம்தான் கூரையில் துவாரம் வெட்டிக் காற்றுப் போக்கி வைப்பது. மனிதர் இருவர் ஓர் இரவு மூச்சு விட்டால் அந்த ஈரம் முழுதும் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகி வழியும்; காற்றுக்கு வழி இல்லாத வண்டி ஒரு குளிர் காலத்திலேயே துருப்பிடித்துப் போகும். சுவருக்குள்ளே ஆட்டு ரோமத்தாலான மெத்தையைத் திணித்தார். வெயிலையும் குளிரையும் தடுப்பதற்கு அதைப் போன்ற சாதனம் வேறில்லையாம். ஆடுகள் நிறைந்த தேசத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. மின்சாரக் கம்பிகளையெல்லாம் ஓட்டி முடித்த பிறகே பலகை அடித்தார். பலகை அடித்த பிறகு கம்பி ஞாபகம் வந்தவர்கள் பலகையைப் பிடுங்கிய கதைகள் அவரிடம் ஏராளமாக இருந்தன.

மின்சார விஷயத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் மற்ற வேலைகளையெல்லாம் விட அதில்தான் உயிராக இருந்தார். இயந்திரத்தைக் கிளப்பும் பாட்டரி தனி. அதை வீட்டுச் செலவுக்குத் தொடக்கூடாது. தொட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே குடித்தனத்துக்கென்று வேறாக 200 ஆம்பியர்-மணி கொள்ளும் லித்தியம் பாட்டரி ஒன்று வைத்தார். பழைய ஈயப் பாட்டரியை இதே அளவுக்கு வைத்தால் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கனக்கும். அதிலும் பாதிக்கு மேல் செலவு செய்தால் சீக்கிரம் கெட்டுப் போகும். குளிர்ப் பெட்டி ஒரு தினத்துக்கு நாற்பது ஆம்பியர்-மணி சாப்பிடும். விளக்கும் விசிறியும் கொறிப்பவை. ஆகவே மூன்று தினங்கள் மேகம் மூடியிருந்தாலும் பால் கெடாது. கூரையின் மேல் சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகள்; வண்டி ஓடும்போது இயந்திரத்திலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும்படி இணைப்பு. ஒவ்வொரு கம்பியும் பாட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஒரு பியூஸ். கம்பி எங்கேயாவது உராய்ந்து தோல் கிழிந்தால் பியூஸ் எரியும். பியூஸ் இல்லாவிட்டால் வண்டி எரியும். இதை அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

காஸ் அடுப்பை மட்டும் அவரே பொருத்தவில்லை. லைசென்ஸ் பெற்ற தொழிலாளியைக் கொண்டு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்த வாயு காற்றைக் காட்டிலும் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் குளம் போலத் தேங்கி நிற்கும். தூங்குகிறவர்களும் தரைக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பார்கள். ஆகையால் உருளையை வைக்கும் பெட்டி வண்டிக்குள் காற்றுப் புகாதபடி மூடியும், அடியில் வெளியே திறந்தும் இருக்க வேண்டும். நாற்பது வருஷம் ரயில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர், பாதி வயதுகூட ஆகாத ஒரு பையன் வந்து சோப்பு நுரையைத் தடவிக் கசிவு பார்க்கும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஒரு யுகம்.

இப்படியாக ஜூலை மாத முடிவில் வண்டி தயாராயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள். சுவரில் மடக்கி வைக்கும் மேஜை. ஜன்னலுக்குப் பூப் போட்ட திரை. நூறு லிட்டர் ஜலத் தொட்டி. ஊரிலுள்ள சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வந்து ஏறிப் பார்த்து, கதவுகளைத் திறந்து மூடி, ஆச்சரியப்பட்டுப் போனார்கள். பெரியவர் ஆகஸ்டு மாதம் முதல் வாரத்தில் புறப்பட நாள் குறித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாள் வாயைத் திறந்தார்.

"எல்லாம் சரி. நடு வழியில் உங்களுக்கு ஏதாவது ஒன்று நேர்ந்தால் இந்த வண்டியை யார் ஓட்டுவது?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. வேலிக்கு இப்பால் நின்ற நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் மறு கோடிக்குப் போய்விட்டேன்.

அம்மாளுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது என்பதில்லை. லைசென்ஸ் இருந்தது. முப்பது வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தாமே சின்னஞ் சிறு காரை ஓட்டிக்கொண்டு போய் வந்தவர்தான். ஆனால் அது கியர் தானே மாறும் வண்டி. இதுவோ கையால் கியர் போட வேண்டிய, பின் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத, மூன்றரை டன் யானை. அவர் செல்லவிருந்த வழியோ எப்படிப்பட்டது என்பதை நேயர்கள் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

"நல்லார்போர்" என்பது லத்தீன் பாஷையிலிருந்து வந்த பெயர். மரமே இல்லாதது என்று அர்த்தம். நம்முடைய காதில் "நல்லார் போர்" என்று விழுகிறது. மறு வருஷம் நானே அந்த வழியாகப் போனபோது நல்லாரையும் காணவில்லை, போரையும் காணவில்லை. சாம்பல் நிறமான உப்புச் செடியைத்தான் கண்டேன். சுமார் இரண்டு லக்ஷம் சதுர கிலோ மீட்டருக்கு விரிந்து கிடக்கும் ஒரே சுண்ணாம்புக் கற்பலகை அது. பெய்கிற கொஞ்ச மழையையும் கல்லே குடித்துவிடுகிறது. ஆறு என்று பெயர் சொல்ல ஒரு கோடு கிடையாது. பூமிக்கு அடியில் பெரிய பெரிய குகைகள் உண்டு. மேலே ஒன்றும் இல்லை. உண்மையில் சாலை இந்தச் சமவெளியின் தெற்கு ஓரமாகவே போவதால் வழியில் பெரும் பகுதிக்குக் குட்டை மரங்கள் கூட வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு மரமும் இல்லாத இடம் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரமே போதும் என்று தோன்றும்.

தெற்கே அந்தப் பலகை திடீரென்று முடிந்து போகிறது. முடிகிற இடத்தில் கடல். அறுபது மீட்டர் முதல் நூற்றிருபது மீட்டர் வரை செங்குத்தான பாறைச் சுவர், கத்தியால் வெட்டினாற் போல, கண்ணுக்கெட்டிய வரையில் இரு புறமும் போகிறது. வேலி கிடையாது, விளிம்பு கிடையாது, புல்லின் மேல் நடந்துகொண்டே இருக்கிறோம், அடுத்த அடி சமுத்திரம். கீழே, பாறைக்குச் சமீபமாக, தாய்த் திமிங்கிலங்கள் கன்றுகளுடன் மிதந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வறண்ட தரையைப் பார்த்தால், உலகத்துத் தண்ணீரெல்லாம் ஒரு பக்கமும் தாகமெல்லாம் ஒரு பக்கமுமாக யாரோ பாகம் பிரித்து வைத்தாற் போல இருந்தது.

இந்தச் சாலைக்கு ஐர் நெடுஞ்சாலை என்று பெயர். 1841-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் எட்வர்டு ஜான் ஐர் என்ற ஆங்கிலேயர் இந்தக் கரையோரமாக மேற்கு நோக்கிப் புறப்பட்டார். கூடப் போனவர்கள் பாக்ஸ்டர் என்ற மேஸ்திரியும் மூன்று ஆதிவாசி இளைஞர்களும். கடற்கரை மணற்குன்றுகளில் ஆதிவாசிகள் தோண்டி வைத்திருந்த ஊற்றுக்கள்தான் அவர்களைப் பல தடவை காப்பாற்றின. ஊற்றும் இல்லாத இடத்தில், விடியற்காலையில் இலைகளின் மேல் படிந்திருந்த பனித் துளிகளைக் கடற்பஞ்சினால் ஒற்றி ஒற்றி எடுத்துப் பாத்திரத்தில் பிழிந்து குடித்தார்கள். ஏப்ரல் 29-ந் தேதி இரவு, இளைஞர்களில் இருவர் பாக்ஸ்டரைச் சுட்டுக் கொன்றுவிட்டு உணவில் பெரும் பகுதியுடன் மறைந்து போனார்கள். மிஞ்சியவர்கள் ஐரும், வைலி என்ற இளைஞனும். கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுக் கப்பலில், திமிங்கில வேட்டைக்காரர்கள் தந்த சோற்றைத் தின்று உயிர் பெற்று, ஜூலை 7-ந் தேதி ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். வைலிக்கு அதுதான் சொந்தப் பக்கம். இருவருமே நடந்து கடந்த வழிக்கு ஒருவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இதே ஐர் பின்னால் ஜமெய்க்காத் தீவின் கவர்னராகி, 1865-ல் மோரண்ட் பே என்ற ஊரில் கறுப்பு ஜனங்கள் கிளர்ச்சி செய்தபோது நானூறு பேருக்கு மேல் உயிரிழக்கும்படி அதை அடக்கினார். ஆதிவாசிகளின் ஊற்றில் தண்ணீர் குடித்துப் பிழைத்தவர் செய்த காரியம் அது. சாலைப் பலகைகளில் இந்த இரண்டாவது விஷயத்தை எழுதவில்லை.

வண்டிகள் போகத் தக்க சாலை யுத்த காலத்தில், 1941-42-ல், போடப்பட்டது. முழுவதும் தார் போட்டு முடிந்தது 1976-ல். இப்போது எந்தக் காரும் போகலாம். ஆனாலும் ஊர் என்று சொல்லத் தக்கது செடூனாவை விட்டால் 1,200 கிலோ மீட்டருக்கு அப்பால் நார்ஸ்மன்தான். இடையிடையே பெட்ரோலும் படுக்கையும் தேநீரும் விற்கும் சாலை விடுதிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே அதிகமாகப் போனால் 190 கிலோ மீட்டர் இருக்கும். வழியில் பல இடங்களில் டெலிபோன் பேசாது. அந்தி மயங்கினால் கங்காரு குறுக்கே பாயும். ஒட்டகமும் வரும், அவை 1860 முதல் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன ஒட்டகங்களின் சந்ததிகள். வேலை முடிந்து விரட்டி விடப்பட்ட பிறகு காட்டில் பெருகிவிட்டன. இரண்டு மூன்று வண்டிகளை ஒன்றாகக் கோத்த பாரலாரிகள், "சாலை ரயில்கள்" என்று பெயர், முப்பத்தைந்து மீட்டர் நீளத்துக்கு எதிரே வரும். அவை கடக்கும்போது அடிக்கும் காற்றில் சிறு வண்டி ஒரு முழம் நகரும்.

நடு வழியில் மாரடைப்பு வந்தால் என்ன செய்வது? அதற்கும் அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1928-ல் ஜான் பிளின் என்ற பாதிரியார் தொடங்கிய பறக்கும் டாக்டர் ஸ்தாபனம் இன்றும் நடந்து வருகிறது. மறு வருஷமே, ஆல்பிரட் டிரேகர் என்ற அடிலெய்டுக்காரர், சைக்கிள் மிதிப்பது போல் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். அதனால்தான் வனாந்தரத்தில் இருந்தவர்கள் டாக்டரைக் கூப்பிட முடிந்தது. நல்லார்போர்ச் சாலையில் சில இடங்களில் திடீரென்று சாலை அகன்று, தரையில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடுகள் தெரியும். அங்கே ஆகாய விமானம் இறங்கும். சாலையையே நிறுத்தி வைத்து நோயாளியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் விமானம் இறங்கும் இடம் வரையிலோ, அடுத்த விடுதி வரையிலோ நோயாளியைக் கொண்டு போய்ச் சேர்ப்பவர் ஒருவர் வேண்டும் அல்லவா? அம்மாள் கேட்டது இதைத்தான்.

புறப்பாடு மூன்று வாரம் தள்ளிப் போயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானத்துக்கு இருவரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். இருவர் முகத்தையும் பார்த்த பிறகு நான் விசாரிக்கவில்லை. கணவன் மனைவிக்கு மோட்டார் கற்றுக் கொடுத்து அது சமாதானமாக முடிந்ததாக எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் இல்லை. மறு நாளே அம்மாள் பணம் கொடுத்து ஒரு வாத்தியாரை அமர்த்திக்கொண்டார். பத்துப் பாடத்தில் கியர் வசப்பட்டது. பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பிப் பின்னால் தள்ளுவதற்கு இன்னும் நாலு பாடம் ஆயிற்று.

பிறகு சக்கரம் மாற்றுவது. வழியில் டயர் வெடித்தால் உதவிக்கு யாராவது வருவார்கள்தான். எப்போது வருவார்கள் என்பதுதான் தெரியாது. தொழிற்சாலையில் இயந்திரத்தால் முடுக்கிய திருகுகளை அறுபத்தெட்டு வயது ஸ்திரீயின் கை அசைக்குமா? அசைக்கவில்லை. பெரியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, கொட்டகையிலிருந்து ஒரு கஜ நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டு வந்து திருகுச் சாவியின் பிடியில் மாட்டினார். "இப்போது அதன் நுனியில் ஏறி நில்" என்றார். அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். கிறீச்சென்று ஒரு சத்தம். திருகு விட்டுக் கொடுத்தது. சக்கரத்தைத் தூக்க முடியாது. ஆகவே ஒரு பலகையைச் சரிவாக வைத்து அதன் மேல் உருட்டி ஏற்றினார். முதல் முறை ஐம்பது நிமிஷம் பிடித்தது. நாலாவது முறை இருபத்திரண்டு நிமிஷம். ஆஸ்பத்திரியில் பழகியவராதலால் கடிகாரத்தைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்தார்.

கடைசியில் எடை பார்க்கப் போனார்கள். வண்டியின் கதவருகே ஒரு சிறு தகடு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்று உற்பத்தி செய்தவர்கள் அதில் பொறித்திருக்கிறார்கள். இவர்களுடையதில் 3,500 கிலோ. அதைத் தாண்டினால் பிரேக் பிடிக்காது, டயர் தாங்காது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் தாங்க மாட்டார். ஜலம், எண்ணெய், சாமான், மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடை மேடையில் நிறுத்தினார்கள். 3,640 காட்டியது. மாரடைப்புக்குப் பிறகு தாம் பன்னிரண்டு கிலோ இளைத்திருப்பதைப் பெரியவர் சுட்டிக் காட்டினார். அதுவும் கணக்கில் சேர்ந்துதான் 3,640 என்று அம்மாள் சொன்னார்.

எதை இறக்குவது? பெரியவர் உடனே தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். ஒரு லிட்டர் ஒரு கிலோ; பாதித் தொட்டியோடு போனால் ஐம்பது கிலோ அப்படியே குறைந்தது. அம்மாள் சம்மதிக்கவில்லை. ஐர் எழுதிய பிரயாணக் குறிப்பை நூல் நிலையத்திலிருந்து வாங்கி வந்து அவர் ஒரு வாரமாக வாசித்துக்கொண்டிருந்தார். பஞ்சினால் பனித் துளி ஒற்றிய பக்கத்தில் அடையாளம்கூட வைத்திருந்தார். சாலை விடுதிகளிலும் குடி தண்ணீர் அருமைப் பொருள். வண்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ளக் கேட்பது மரியாதை ஆகாது. ஆகவே ஜலம் முழுதும் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அன்று பிற்பகல் முழுவதும் புல் தரையில் சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போடும் கூடாரம் முப்பது கிலோ. மின்சாரம் உண்டாக்கும் சிறு இயந்திரம் இருபத்தைந்து. சூரியத் தகடு இருக்க அது எதற்கு? அம்மாளின் புஸ்தகங்கள் பதினெட்டு; ஐர் உள்பட. இரும்பில் வார்த்த சமையல் சட்டி ஒன்று, மூடியோடு பன்னிரண்டு. விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மடக்கு நாற்காலிகள், மேஜை, தையல் மிஷின் எல்லாமாக முப்பது. மிஞ்சியது பெரியவரின் ஆயுதப் பெட்டி. ஐம்பத்தைந்து கிலோ. பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சுத்தியல்கூட அதில் இருந்தது. அதை அவர் இறக்கவில்லை. திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மறுபடியும் வைத்துக்கொண்டிருந்தார். எதை எப்படிப் பழுது பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பழுது பார்க்க வேண்டி வரும்போது அவர் எழுந்து நிற்கும் நிலையில் இருப்பாரா என்பது தெரியாது. அம்மாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தேநீர் போட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெட்டி கொட்டகைக்குப் போயிற்று. இரண்டு திருகுச் சாவியும், குறடும், ஜாக்கியும், இரும்புக் குழாயும் மட்டும் வண்டியில் தங்கின. மறு நாள் எடை மேடை 3,470 காட்டியது.

புறப்பட்டது ஆகஸ்டு மாதக் கடைசியில். மேற்கத்திக் காற்று எதிர்த்து அடித்ததால் எண்ணெய் நினைத்ததை விட அதிகம் செலவாயிற்றென்று செடூனாவிலிருந்து செய்தி வந்தது. பிறகு மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் நடந்த விமரிசை. அந்த ராஜ்யத்துக்குள் பழம், காய்கறி, தேன், விதை ஒன்றும் கொண்டு போகக் கூடாது. பூச்சியும் நோயும் கூட வந்துவிடும் என்று உத்தியோகஸ்தர்கள் வண்டிக்குள் ஏறிச் சோதிக்கிறார்கள். முதல் நாள் இரவு, இருந்த கோசு, காரட், வெங்காயம் எல்லாவற்றையும் போட்டு அம்மாள் ஒரே சூப்பாகக் காய்ச்ச, அதையே மூன்று வேளை சாப்பிட்டார்களாம். தேனை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். எல்லைக்கு அப்பால் இன்னொரு வேடிக்கை: அடிலெய்டு கடிகாரத்துக்கு முக்கால் மணி பின்னாலும் பெர்த் கடிகாரத்துக்கு முக்கால் மணி முன்னாலுமாக, சர்க்கார் சட்டத்தில் இல்லாத ஒரு தனி நேரத்தை அங்குள்ள ஐந்தாறு விடுதிக்காரர்கள் மட்டும் அநுசரித்து வருகிறார்கள். மாத்திரை சாப்பிடும் வேளையை எந்தக் கடிகாரப்படி வைத்துக்கொள்வதென்று தம்பதிகளுக்குள் விவாதம் நடந்திருக்கிறது.

கைகூனா என்ற விடுதிக்கு மேற்கே ஒரு விந்தை இருக்கிறது. அங்கிருந்து பாலடோனியாப் பக்கமாக 146.6 கிலோ மீட்டருக்குச் சாலை அணுவளவும் வளையாமல் ஒரே நேர்க்கோடாகப் போகிறது. அதைப் பார்க்க வேண்டும், அந்த நேர்க்கோட்டில் வண்டியை ஓட்ட வேண்டும் என்பது பெரியவரின் வெகு நாள் ஆசை. ரயில்வேக்காரருக்கு நேர்க்கோட்டின் அருமை தெரியும். அவர்களுக்கு வடக்கே ஓடும் ரயில் பாதையில் 478 கிலோ மீட்டர் ஒரே நேராகப் போகிறதென்பதை என்னிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அம்மாள் நார்ஸ்மனிலிருந்து எழுதிய கடிதம் செப்டம்பரில் எனக்குக் கிடைத்தது. கைகூனாவில் காலை எழுந்தபோதே பெரியவருக்கு அசதியாக இருந்ததாம். மார்பில் வலி இல்லை. மூச்சிலும் குற்றம் இல்லை. ஆனாலும் முகம் சரியில்லை. "இன்று நான் ஓட்டுகிறேன்" என்று அம்மாள் வலப்பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். பத்துக் கிலோ மீட்டர் போவதற்குள் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, வேறேதாவதா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. டெலிபோன் இல்லை. ரேடியோவை நாற்பதாம் எண்ணில் வைத்து, எதிரே வரும் பாரலாரிக்காரர் ஒருவரிடம் அடுத்த விமானக் கோடு எங்கே இருக்கிறதென்று கேட்டு வைத்துக்கொண்டார். பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இடக் கையை நீட்டிப் பெரியவரின் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்துக்கொண்டே, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் வண்டியைச் செலுத்தினார். சாலை வளையாதது அதற்குச் சௌகரியமாக இருந்தது என்று எழுதியிருந்தார். நாடி அறுபத்தெட்டு, அறுபத்தாறு, அறுபத்தெட்டு.

பாலடோனியா விடுதியில் வண்டி நின்றதும் பெரியவர் விழித்துக்கொண்டார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"அந்த நேர்க்கோடு ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டாராம்.

"திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இறங்கிக் காப்பி சாப்பிடுங்கள்" என்று அம்மாள் சொன்னாராம்.